பழம்புடவையில் முதல் குயில்ட்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

குயில்ட், அதாவது ஒட்டுத்துணிப் போர்வை தைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "என்ன மெஷின் வாங்கலாம்?" என்றுதான். வீட்டில் கருப்பு கால் மெஷின் ஒன்று இருந்தால் அதுவே போதும். நேர்த்தையல் விட்டுவிட்டு விழாமல் ஒழுங்காக விழுந்தால் சரி. குயில்ட்டில் மெஷின் ஓடுகிற நேரம் குறைவு. துவைப்பது, கஞ்சி போடுவது, தேய்ப்பது, அளப்பது, வெட்டுவது, அடுக்குவது என்று முக்கால்வாசி வேலை மெஷினுக்கு வெளியே நடக்கிறது. கையில் கொஞ்சம் பணம் இருந்தால் அதை உட்காரும் இடத்திலும் வெட்டும் மேசையிலும் வெளிச்சத்திலும் போடுங்கள். புது மெஷின் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

குயில்ட் என்றால் மூன்று அடுக்கு. மேலே ஒட்டுப்போட்ட துணி, நடுவில் கனத்துக்கு ஏதாவது ஒன்று, அடியில் ஒரே துணியாகப் பின்பக்கம். மூன்றையும் ஊடுருவித் தைத்து ஓரம் கட்டினால் முடிந்தது. பாட்டிமார்கள் பழம்புடவைகளை மடித்து அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு விரித்தார்களே, அதன் அளவெடுத்த வடிவம்தான் இது.

முதல் முயற்சிக்குக் கட்டில் அளவு வேண்டாம். 36 இன்ச் அகலம், 42 இன்ச் நீளம் வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைக்குத் தரைவிரிப்பாகும், பெரியவர்களுக்கு மடியில் போர்த்திக்கொள்ள ஆகும், காரின் பின்சீட்டில் கிடக்கவும் ஆகும். கால் மெஷினின் கழுத்துக்கு அடியில், அதாவது ஊசிக்கும் மெஷின் உடம்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியில், சிரமமில்லாமல் நுழைகிற அளவும் இதுதான். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு இதை விரித்துப் பக்கத்தில் நீங்கள் இருக்கும்போது விளையாட விடலாம். தூங்கும்போது போர்த்திவிட வேண்டாம், முகத்தில் ஏறிவிடும்.

உட்காரும் இடம்

தனி அறை எல்லாம் தேவையில்லை. ஹாலின் ஒரு மூலை, மாடிப்படிக்கு அடியில், மூடிய வராந்தா, எது கிடைத்தாலும் சரி. ஆனால் அந்த இடத்தில் மெஷின் நிரந்தரமாக நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இழுத்துப் போட்டு எடுத்து வைக்கிற மெஷினில் யாரும் குயில்ட் முடித்து நான் பார்த்ததில்லை.

ஜன்னல் உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும்படி மெஷினைத் திருப்பி வையுங்கள். மெஷினின் உடம்பு வலதில் இருக்கிறது, ஊசி இடதில் இருக்கிறது. வலதிலிருந்து வெளிச்சம் வந்தால் மெஷினின் நிழலே ஊசிமேல் விழும். சாயங்காலம் தைக்கிறவர்கள் காந்தம் வைத்த சின்ன எல்.இ.டி. விளக்கு ஒன்று வாங்கி மெஷின் தலையில் ஒட்டிவிடுங்கள். தையல் சாமான் கடையில் கிடைக்கும், கண்ணுக்குப் பெரிய உபகாரம்.

உட்காரும்போது மேசையின் நடுவுக்கு நேராக உட்காராதீர்கள். ஊசிக்கு நேராக மூக்கு இருக்க வேண்டும். நடுவில் உட்கார்ந்து இடதுபக்கம் வளைந்து தைப்பதால்தான் பலருக்கு ஒரு பக்கத் தோள் மட்டும் வலிக்கிறது. ஸ்டூலின் உயரம், முழங்கை மெஷின் பலகையை ஒட்டி வருகிற மாதிரி இருக்கட்டும். தாழ்ந்திருந்தால் பலகை வைத்துப் பழைய போர்வையை மடித்துப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் சாய்ந்த வாக்கில் இருப்பதால் தையலுக்கு ஒத்துவராது.

மெஷினின் இடப்பக்கத்தில் அதே உயரத்துக்கு ஒரு பெஞ்சோ டீப்பாயோ வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மூன்று அடுக்கும் சேர்ந்த பிறகு போர்வை கனக்கும். அந்தக் கனம் மேசையிலிருந்து கீழே தொங்கினால் துணியைப் பின்னால் இழுக்கும், தையல் கோணலாகும், ஊசியும் வளைந்து உடையும்.

வெட்டுவதும் தேய்ப்பதும் நின்றுகொண்டு செய்ய வேண்டிய வேலை. சாதாரண மேசை அதற்குத் தாழ்வு. நான்கு கால்களுக்கும் அடியில் மரக்கட்டை வைத்து 34, 36 இன்ச்சுக்கு உயர்த்துங்கள். சமையல் மேடை உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். மேசைமேல் பழைய கம்பளியை விரித்து, அதன்மேல் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டினால் தேய்க்கும் மேசையும் ஆயிற்று. இஸ்திரிப் பெட்டியைச் சுவர் பிளக்கிலேயே செருகுங்கள். மெல்லிய ஒயர் வைத்த எக்ஸ்டென்ஷன் பெட்டி சூடாகி இளகிவிடும்.

தருமபுரி வெயிலில் சிமெண்ட் ஷீட் போட்ட அறைக்குள் சித்திரை, வைகாசி மாதங்களில் பகல் தையல் நடக்காது. விடிகாலையில் வெட்டிவிடுங்கள். ஃபேன் போட்டால் வெட்டிய துண்டுகள் பறக்கும். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் இருப்பவர்களுக்கு அதற்கு ஒரு வழி உண்டு. கிரானைட் பட்டறைகளில் பாலிஷ் போட்ட துண்டுக் கல் கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள். உள்ளங்கை அகலத்தில் நான்கு கல் வாங்கி ஓரம் கீறாமல் தேய்த்து வையுங்கள். துணிமேல் பாரம் வைக்க அதைவிட நல்ல சாமான் கிடையாது.

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் சிந்திய குண்டூசிகளை ஒரு துழாவில் பொறுக்கிவிடலாம். குழந்தைகள் தவழ்கிற வீட்டில் இது கட்டாயம்.

துணி எடுப்பது

முதல் குயில்ட்டுக்குப் பருத்தி மட்டும். பாலியஸ்டர் புடவை வழுக்கும், அளவு நிற்காது. பருத்திக்கு வைக்கிற சூட்டில் இஸ்திரி போட்டால் சுருண்டுவிடும். எது பருத்தி என்று சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலானால் பருத்தி. உருகி உருண்டையாகக் கெட்டிப்பட்டால் பாலியஸ்டர் கலந்தது.

பழம்புடவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடுப்பில் செருகுகிற இடமும் கொசுவம் வருகிற இடமும்தான் முதலில் நைந்திருக்கும். இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து விரித்தால் இழை விலகுகிறதா பாருங்கள், விலகினால் அந்த இடத்தை ஒதுக்குங்கள். முந்தானையில் சரிகை இருந்தால் அதையும் ஒதுக்குங்கள், உடம்பில் குத்தும். ஐந்தரை மீட்டர் புடவையில் கிழிசல், நைவு எல்லாம் போக ஆறரை இன்ச் சதுரம் நூறுக்குக் குறையாமல் தேறும். நமக்கு வேண்டியது 42. ஆனால் நான்கைந்து துணிகளிலிருந்து எடுத்தால்தான் பார்க்க நன்றாக இருக்கும்.

வீட்டில் போதாவிட்டால் தெரு டெய்லரிடம் கேளுங்கள். பிளவுஸ், சுடிதார் வெட்டியதில் மிஞ்சுவதை மூட்டை கட்டி வைத்திருப்பார். புதுத்துணி வேண்டுமென்றால் பர்கூர். நெடுஞ்சாலையோரம் வரிசையாக ஜவுளிக்கடைகள், மீட்டர் கணக்கிலும் கட்பீஸாகவும் வாங்கலாம். பின்பக்கத்துக்கு ஈரோடு, சென்னிமலை பருத்தி பெட்ஷீட்டை மிஞ்சியது இல்லை. ஒட்டு இல்லாமல் ஒரே துணியாக வந்துவிடும்.

எல்லாத் துணியையும் வெட்டுவதற்கு முன்பே துவையுங்கள். புதுத்துணி சுருங்கும், சாயமும் விடும். சிவப்பு, மெரூன், கருநீலம் மூன்றையும் தனித்தனி பக்கெட்டில் ஊறவைத்துத் தண்ணீரைப் பாருங்கள். மூன்று நான்கு தடவை அலசியும் சாயம் போய்க்கொண்டே இருந்தால் அந்தத் துணி இந்தக் குயில்ட்டுக்கு வேண்டாம். உப்புப் போட்டு ஊறவைத்தால் நின்றுவிடும் என்பார்கள். கடைத்துணிச் சாயத்துக்கு அதை நம்ப முடியாது.

நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல ஊர்களில் கடினம். சோப்பு நுரைக்காது, துணி காய்ந்ததும் விறைத்து வெள்ளை பூத்த மாதிரி இருக்கும். கடைசி அலசலுக்கு மட்டும் மழைத்தண்ணீரோ, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாய்த் தண்ணீர் வருகிற அன்று ஒரு பக்கெட்டோ எடுத்து வையுங்கள். துணி மெத்தென்று இருக்கும்.

மாங்காய்க் காலத்தில் இன்னொரு எச்சரிக்கை. காம்பு கிள்ளிய கையோடு வெளிர்த்துணியைத் தொடாதீர்கள். மாங்காய்ப் பால் பட்ட கறை எளிதில் போகாது.

துவைத்துக் காய்ந்த பழம்புடவை குழைந்து கிடக்கும், அப்படியே வெட்டினால் சதுரம் சதுரமாக வராது. வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்து, வடிகட்டி, அதில் முக்கிப் பிழிந்து நிழலில் உலர்த்துங்கள். லேசான ஈரத்திலேயே தேய்த்துவிட்டால் காகிதம் மாதிரி விறைப்பாக நிற்கும். வெட்டுவதற்கும் தைப்பதற்கும் இதைவிடப் பெரிய உதவி கிடையாது. வேலை முடிந்ததும் கஞ்சி போகத் துவைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி அரிக்கும்.

வெட்டு

ஆறரை இன்ச் சதுரத்தில் அச்சு ஒன்று தயார் செய்யுங்கள். கல்யாணப் பத்திரிகை அட்டை நான்கு தடவை வரைந்ததும் ஓரம் மழுங்கிவிடும். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் நன்றாக உழைக்கும். நம்பர் பலகை, போர்டு செய்கிற கடையில் அக்ரிலிக்கில் வெட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லது. நான்கு மூலையும் ஒரு புத்தகத்தின் மூலையோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

புடவையின் கரையை ஒட்டி அச்சை வையுங்கள். கரை எப்போதும் நேர்நூல், அதாவது இழை நேராக ஓடுகிற திசை. கோணலாக வைத்து வெட்டிய துண்டு கிராஸாகிவிடும், தைக்கும்போது இழுபடும். சாக்பீஸைக் கூராகச் சீவிக் கோடு போடுங்கள், மழுங்கிய சாக்பீஸ் கோடே ஒரு நூல், அதாவது அரைக்கால் இன்ச் தடிமன் வரும். கத்தரிக்கோல் துணிக்கு மட்டும் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். பால் பாக்கெட் வெட்டினால் போயிற்று.

சக்கரக் கத்தியும் வெட்டும் பாயும் இப்போது ஆன்லைனில் எளிதாகக் கிடைக்கின்றன. அடுத்தடுத்துத் தைக்கப்போகிறவர்கள் வாங்கலாம். 45 மில்லிமீட்டர் கத்தி போதும். அந்தப் பாயை வெயிலிலும் சூடான இஸ்திரிப் பெட்டிக்கு அடியிலும் வைக்காதீர்கள். ஒருமுறை நெளிந்தால் பழையபடி நிமிராது.

இரண்டு நூல்

இதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. துண்டோடு துண்டு சேர்க்கும்போது தையலுக்கு விடுகிற இடம் கால் இன்ச், அதாவது இரண்டு நூல். பிளவுஸ் தைத்துப் பழகியவர்களுக்கு இது கஷ்டமாக இருக்கும். பிரித்துப் பெரிதாக்க வேண்டும் என்று ஒரு இன்ச், ஒன்றரை இன்ச் விட்டே கை பழகியிருக்கும். இங்கே பிரிக்கிற வேலையே இல்லை.

ஒவ்வொரு துண்டிலும் அரை நூல் கூடுதலாகப் பிடித்துவிட்டால் ஒரு தையலுக்கு ஒரு நூல் போகும். பத்துத் துண்டு சேர்ந்த வரிசையில் ஒன்பது தையல், ஒன்றேகால் இன்ச்சுக்குக் கிட்டே காணாமல் போய்விடும். பக்கத்து வரிசையில் சரியாகப் பிடித்திருந்தால் மூலைகள் ஒன்றுக்கொன்று சேரவே சேராது.

துணியை அழுத்துகிற மெஷின் காலின் ஓரம் ஊசியிலிருந்து கால் இன்ச்தான் என்று நம்பாதீர்கள். ஒன்றரை இன்ச் அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டிப் பக்கம் பக்கமாகத் தைத்து, தேய்த்து, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக ஒரு இன்ச் இருக்க வேண்டும். குறைந்தால் நீங்கள் அதிகம் பிடிக்கிறீர்கள், கூடினால் குறைவாகப் பிடிக்கிறீர்கள். சரியான இடம் தெரிந்ததும் ஊசியிலிருந்து அந்தத் தூரத்தில் மெஷின் தகட்டின்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள். அப்புறம் ஊசியைப் பார்க்க வேண்டாம், துணி ஓரம் பிளாஸ்திரியை உரசிப் போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கால் மெஷினுக்குப் புதியவர்கள் ஒன்று பழக வேண்டும். சக்கரத்தைக் கையால் உங்கள் பக்கமாகச் சுற்றிக் கிளப்பிவிட்டுத்தான் மிதிக்க வேண்டும். பின்னால் சுற்றினால் நூல் சிக்கி அறும். ஊசி 14 நம்பர் போடுங்கள். மூன்று அடுக்கும் சேர்த்துத் தைக்கும்போது 16. துணியைக் குத்தும்போது டப் டப் என்று சத்தம் வந்தால் முனை மழுங்கிவிட்டது, மாற்றிவிடுங்கள். எண்ணெய் விட்ட அன்று முதலில் வேண்டாத துணியில் ஓட்டுங்கள்.

துண்டுகளைத் தரையில் பரப்பி அழுத்த நிறம், வெளிர் நிறம் என்று மாற்றி மாற்றி ஆறு வரிசைக்கு ஏழு வரிசையாக அடுக்குங்கள். நிறம் குழப்பினால் கைப்பேசியில் கருப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள், எது எதோடு கலந்துவிடுகிறது என்று உடனே தெரியும். ஆறு ஆறாகத் தைத்து வரிசையாக்குங்கள். முதல் வரிசையின் மடிப்புகளை எல்லாம் இடப்பக்கம் சாய்த்துத் தேயுங்கள், இரண்டாவதை வலப்பக்கம், மூன்றாவதை இடப்பக்கம். வரிசைகளைச் சேர்க்கும்போது எதிரெதிர் மடிப்புகள் ஒன்றோடொன்று உட்கார்ந்துகொள்ளும், விரலால் தடவினாலே பொருந்திய இடம் தெரியும். அங்கே குண்டூசி குத்தித் தையுங்கள். தேய்க்கும்போது பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். மேல்துணி முடிந்ததும் 36½ க்கு 42½ இன்ச் இருக்க வேண்டும்.

நடுவில் என்ன வைப்பது

ஊரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலைப் பனியை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே 100 முதல் 150 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு அத்தனை கிராம் எடை) பாலியஸ்டர் பஞ்சு ஷீட் வைக்கலாம். மெத்தை, குஷன் கடைகளில் மீட்டராக வெட்டிக் கொடுப்பார்கள். தருமபுரி, காவேரிப்பட்டணம், ஊத்தங்கரைப் பக்கம் அதைப் போர்த்தினால் வியர்க்கும். எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்து வைத்தால் போதும். வருடம் முழுக்க ஆகிற கனம் அது. இலவம்பஞ்சை உதிரியாக வைக்க வேண்டாம். தலையணைக்குச் சரி, இதில் ஒரு துவையலில் ஒரு மூலைக்குப் போய்க் கட்டியாகிவிடும்.

பின்துணியும் நடு அடுக்கும் மேல்துணியைவிட நான்கு பக்கமும் இரண்டு இன்ச் கூடுதலாக இருக்கட்டும். ஹாலில் டைல்ஸ் போட்டிருந்தால் நல்லது, அதன் கோட்டைப் பிடித்தால் நேராக விரிக்கலாம். பின்துணியை நல்ல பக்கம் தரையைப் பார்க்கும்படி விரித்து, சுருக்கமில்லாமல் இழுத்து, ஓரங்களில் பிரவுன் டேப் ஒட்டுங்கள். ரொம்ப விறைப்பாக இழுத்தால் டேப்பை எடுத்ததும் சுருங்கிக்கொள்ளும். அதன்மேல் நடு அடுக்கு, அதன்மேல் மேல்துணி, நல்ல பக்கம் மேலே தெரியும்படி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கையால் தடவிக்கொண்டே வந்து, நான்கு இன்ச்சுக்கு ஒரு ஊக்கு குத்துங்கள். குத்தும்போதே எண்ணிக்கொள்ளுங்கள், கழற்றும்போதும் அதே எண்ணிக்கை வர வேண்டும்.

மூன்றையும் சேர்ப்பது

மூன்று வழி உண்டு. மிகச் சுலபமானது முடிச்சு. ஒவ்வொரு சதுரத்தின் மூலையிலும் தடித்த பருத்தி நூலைக் கோர்த்து இரண்டு முடிச்சுப் போட்டு வெட்டிவிடுவது. பஞ்சு ஷீட் வைத்ததற்கு இதுவே போதும். இரண்டாவது கைத்தையல். சாயங்காலம் டி.வி. பார்த்துக்கொண்டே ஓட்டுத் தையல் போடலாம், இன்ச்சுக்கு நான்கைந்து விழுந்தால் நல்ல தையல்தான். பழம்புடவைத் துணிக்கு இதுதான் அழகு என்பது என் கட்சி.

மூன்றாவது மெஷின். தையலைக் கொஞ்சம் நீளமாக வையுங்கள், இன்ச்சுக்கு எட்டு. மெஷின் தலையில் காலை அழுத்துகிற திருகை அரைச் சுற்று, ஒரு சுற்று தளர்த்துங்கள். இல்லாவிட்டால் மேல்துணி முன்னால் தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் மடிப்பு விழும். இரண்டு பக்கத்தையும் பாய் சுருட்டுகிற மாதிரி நடுவரை சுருட்டி, நடுத்தையலில் ஆரம்பித்து வெளியே வாருங்கள். ஒட்டுத் தையலுக்குப் பக்கத்திலேயே இரண்டு நூல் தள்ளி நேர்க்கோடு போட்டால் போதும். ஒரு கோட்டை மேலிருந்து கீழே தைத்தால் அடுத்ததைக் கீழிருந்து மேலே தையுங்கள், துணி ஒரே பக்கம் இழுத்துக்கொள்ளாது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து தோளைச் சுழற்றிவிட்டு உட்காருங்கள்.

ஓரம்

மிஞ்சிய நடு அடுக்கையும் பின்துணியையும் மேல்துணிக்குச் சமமாக வெட்டிவிடுங்கள். ஓரப்பட்டைக்கு இரண்டரை இன்ச் அகலம் வேண்டும். சுற்றளவு 158 இன்ச், மூலைகளுக்கும் சேர்ப்புக்கும் சேர்த்து 170 வைத்துக்கொள்ளுங்கள். சரிகை இல்லாத பருத்திப் புடவையின் கரையை நீளவாக்கில் வெட்டினால் ஒட்டே இல்லாமல் கிடைத்துவிடும். நேரான ஓரத்துக்குக் கிராஸ் பட்டை தேவையில்லை.

பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தேய்த்து, பிசிறு ஓரத்தை மேல்துணி ஓரத்தோடு சேர்த்து இரண்டு நூலில் தையுங்கள். மூலைக்கு இரண்டு நூல் முன்பே நிறுத்தி, பட்டையை நேர் மேலே மடித்து, அப்படியே கீழே இறக்கி அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள். முழுக்கச் சுற்றி வந்ததும் பின்பக்கம் திருப்பி ஹெம்மிங் போட்டுவிடுங்கள். கையால்தான், மெஷினில் பின்பக்கம் எங்காவது விட்டுப்போகும்.

இனி முதல் துவையல். குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் சோப்பு, முறுக்கிப் பிழியாமல் அழுத்தி எடுத்து, ஒரே கயிற்றில் தொங்கவிடாமல் இரண்டு கயிற்றில் பரப்பி நிழலில் காயப்போடுங்கள்.

அடுத்து ஒற்றைக் கட்டில் அளவுக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு: 60 க்கு 90 இன்ச், பத்து வரிசைக்குப் பதினைந்து, மொத்தம் 150 சதுரம். அந்த அகலத்தைக் கால் மெஷினின் கழுத்துக்குள் சுருட்டித் திணிப்பது கஷ்டம். 60 க்கு 30 அளவில் மூன்று பாகமாக அடுக்கித் தைத்து, பிறகு பாகங்களைச் சேர்த்து, சேர்ப்பின் பின்பக்கத்தில் ஒரு பட்டை வைத்து ஹெம்மிங் போட்டு மூடிவிடுங்கள். அப்படிச் செய்வதானால் சேர்கிற ஓரங்களில் இரண்டு இன்ச்சுக்கு மூன்று அடுக்கையும் சேர்க்கிற தையல் போடாமல் விட்டு வையுங்கள்.